டத்தின் வீட்டுக் கறுத்த கிண்ணம்

“ஏழு பேருக்கு வயிறு கலங்கிடுச்சு, மிஸ்டர் சிவநேசன். அதுல மூணு பேரு சம்பந்தி வீட்டு ஆளுங்க!” என்றார் டத்தின் ஜெகதீஸ்வரி. சொல்லும்போது வயிற்றைப் பிடித்துக்கொள்ளவில்லை. கழுத்தில் கிடந்த வைரப் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் கடலைப் பார்த்துக் கட்டிய பங்களா. அதன் சாப்பாட்டு அறையில், ஒரு சிறு கல்யாணமே நடத்தக்கூடிய மேசையின் ஓரத்தில், சிவநேசனும் அவருடைய உதவியாளர் பிரமிளாவும் உட்கார்ந்திருந்தார்கள். சிவநேசன் பல வருடம் காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கணக்குகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர். இப்போது லிட்டல் இந்தியாவில் ஒரு மசாலாக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. யாராவது பொய் சொன்னால் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். பிரமிளா இங்கே வருவதற்கு முன்பு தொலைபேசி நிறுவனத்தில் வாடிக்கையாளர் புகார் கேட்டவள். அதனால் யார் கத்தினாலும் அவளுக்கு உறைக்காது, பதில் மட்டும் உடனே வரும்.

“யார் மேல சந்தேகம், டத்தின்?” என்றார் சிவநேசன்.

“சந்தேகம் என்ன சந்தேகம்? கேட்டரிங் மஹ்பூபாதான். அவ சமையல்தான். வீடியோவே எடுத்து வெச்சிட்டேன்.” கைபேசியைத் தூக்கிக் காட்டினார். “சாயந்தரம் சம்பந்தியம்மா வர்றாங்க, முடிவு சொல்ல. அவங்க கண்ணு முன்னாலயே போஸ்ட் பண்ணப் போறேன். ‘துப்பறியும் நிபுணர் கண்டுபிடிச்சாரு’ன்னு ஒரு வரி சேர்த்தா வெயிட்டா இருக்கும் லா.”

“தீர்ப்பு ரெடி. விசாரணை மட்டும்தான் பாக்கி, பாஸ்” என்றாள் பிரமிளா.

டத்தினின் வீடியோவைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. இந்தத் தீவிலும் கடல் தாண்டி அக்கரையிலும் கல்யாணம் வைக்கிற தமிழ் வீடுகளில் பாதிக்கு மேல் அவரைப் பின்தொடர்கின்றன. அவர் ஒரு மண்டபத்தைப் புகழ்ந்தால் அங்கே தேதி கிடைக்காது. அவர் ஒரு சமையல்காரியைக் குறை சொன்னால் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வேறு வேலை தேடவேண்டியதுதான்.

விஷயம் இதுதான். டத்தினின் கணவர் வேலு டத்தோ பட்டம் வாங்கியவர், அதனால்தான் இவர் டத்தின். டத்தோ வேலுவுக்கு அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் லாரி வியாபாரம், லாரிகளை விட வேகமாக ஓடுகிற வியாபாரம். அவருடைய ஒரே மகளும், ஒரு செட்டிநாட்டுக் குடும்பத்துப் பையனும் ஒரே வங்கியில் வேலை செய்து, ஒரே கேண்டீனில் சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் விரும்பத் தொடங்கியிருந்தார்கள். பையனின் அம்மா முத்தம்மை ஆச்சி சம்மதிக்கவேண்டியதுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை விருந்து அதற்காகத்தான். விருந்து முடிந்ததும் எல்லோரும் கழிவறைக்கு வரிசை கட்டிவிட்டார்கள்.

“இதுலதான் பரிமாறினோம்” என்று டத்தின் கண்ணாடி அலமாரியைக் காட்டினார்.

உள்ளே வெள்ளிச் சாமான்கள். குழம்புக் கிண்ணம், சின்னக் கிண்ணங்கள், கரண்டிகள், தாம்பாளங்கள். எல்லாம் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தன.

“எங்க கொள்ளுத்தாத்தா காலத்து வெள்ளி. நாலு தலைமுறையா எங்க சாப்பாட்டு மேசையில இருக்கு.”

சிவநேசன் கொட்டாவி விட்டார். பிரமிளா அதைக் கவனித்துக்கொண்டாள்.

“ஏன் டத்தின் இவ்வளவு கறுப்பா இருக்கு?”

“அதுக்குப் பேரு பட்டினா. கறுப்பு ஏற ஏறத்தான் மதிப்பு. இன்டர்நெட்ல பாருங்க.”

“எங்க வீட்டுல அதுக்கு அழுக்குன்னு பேரு, டத்தின். மதிப்புன்னு தெரிஞ்சிருந்தா எங்கம்மா என்னைத் திட்டியிருக்க மாட்டாங்க” என்றாள் பிரமிளா.

சிவநேசன் பெரிய குழம்புக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். வெளியே கறுப்பு. உள்ளே பாதிவரை நிலா மாதிரி பளபளப்பு. அதற்கு மேல் வட்டமாக ஒரு கோடு, கோட்டுக்கு மேல் மறுபடி கறுப்பு.

“உள்ள மட்டும் வெளுத்திருக்கே?”

“வேலைக்காரி கழுவினா.”

“கழுவினவங்க பாதியில களைச்சுட்டாங்களா?”

டத்தின் ஏர்கான் குளிரைக் கூட்டினார். மூலையில் சலவைக்குக் கிடந்த வெள்ளைக் கைத்துணிகளைப் பிரமிளா காலால் புரட்டினாள். ஒவ்வொன்றிலும், வாய் துடைத்த இடத்தில், கறுப்புத் தீற்றல்.

“இது என்ன டத்தின்?”

“சோத்தோங் ஈத்தாம். கணவாயக் கறுப்பா சமைப்பாளே, அதான். அதுலதான் ஏதோ கெட்டுப்போயிருக்கு.”

சிவநேசனுக்கு இரண்டாவது கொட்டாவி வந்தது. இந்த முறை வாயை மூடவே கொஞ்ச நேரம் பிடித்தது.

வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் அங்கிருந்த சப்பாத்து அலமாரியைப் பார்த்தார். டத்தோவின் சப்பாத்துகள் அத்தனையும் ஓட்டப்பயிற்சிக்கான வெள்ளைச் சப்பாத்துகள். அவற்றின் பக்கத்தில், சப்பாத்துக்குப் பூசும் கறுப்பு மை டப்பா ஒன்று இருந்தது. சிவநேசன் அதைத் திறந்து பார்த்தார், மூடினார், தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“பாஸ், திருடறீங்க” என்றாள் பிரமிளா.

“கடன் வாங்கறேன்.”

கேட் அருகே டத்தோவின் டிரைவர் ஷாருல் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மலாய்க்காரர். டத்தோ வீட்டிலேயே பல வருடம் இருந்து தமிழைப் பிடித்துக்கொண்டவர்.

“ஞாயித்துக்கிழம நீங்களும் சாப்பிட்டீங்களா?” என்றார் சிவநேசன்.

“சாப்பிட்டேன் பாஸ். மீன் குழம்பு, பின்னால சட்டியிலேருந்து. மூணு தடவ தம்பா, இன்னும் கொஞ்சம்னு கேட்டு வாங்கினேன். சேடாப் லா, அவ்வளவு ருசி!”

“வயிறு?”

“இன்னும் கொஞ்சம் இருந்தா அதையும் சாப்பிடும்.”

பிரமிளா விரலைச் சொடுக்கினாள். “விருந்துக்கு வெச்ச அதே குழம்பு. சட்டியிலேருந்து சாப்பிட்டவரு கல்லு மாதிரி நிக்கிறாரு. கிண்ணத்துலேருந்து சாப்பிட்டவங்க படுத்துட்டாங்க. அப்போ குழம்ப விட்டுட்டு கிண்ணத்தக் கைது பண்ணனும், பாஸ்.”

“ஷாருல், அந்தக் கிண்ணம் டத்தினோட கொள்ளுத்தாத்தா காலத்துதாமே?”

ஷாருல் துணியைப் பிழிந்தார். “அப்படியா? போன மாசம் நான்தான் இதே கெரேத்தாவுல ஏத்திக்கிட்டு வந்தேன். ஆர்மீனியன் ஸ்திரீட்டுக்குப் பின்னால, இப்ராஹிம் கடையிலேருந்து.”

“கொள்ளுத்தாத்தாவ இறக்கும்போது சேதமில்லாம இறக்கினீங்களா?” என்றாள் பிரமிளா.

*

இப்ராஹிம் கடைக்கு முன்பு, சிவநேசன் காரை ஜெலுத்தோங்குக்குத் திருப்பினார்.

மஹ்பூபாவின் சமையல்கூடத்தில் அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. பெரிய அடுப்பு குளிர்ந்து போயிருந்தது. மஹ்பூபா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, அது ஒலித்துவிடுமோ என்று பயந்தவளாக உட்கார்ந்திருந்தாள்.

“வீடியோ இன்னும் வரவே இல்ல அண்ணே. வரப்போகுதுன்னு கேள்விப்பட்டே ரெண்டு கல்யாண வீட்டுல வேணாம்னுட்டாங்க” என்றாள். “என்கிட்ட வேல செய்யற பொம்பளைங்க நாலு பேரு வீட்டுல உக்காந்திருக்காங்க. தப்பு என்னுதுன்னா கால்ல விழுந்து கேக்கலாம். என்ன தப்புன்னே தெரியலையே.”

“சோத்தோங் ஈத்தாம் நல்லா இருந்துச்சா?”

“சோத்தோங்கா?” அவள் விழித்தாள். “நான்தான் போடறேன்னு சொன்னேன். டத்தின் வேணாம்னுட்டாங்க. கறுப்புக் குழம்பு வெச்சா போட்டோவுல கிண்ணம் எடுபடாதாம். அதனால புளி தூக்கலா மீன் குழம்பு வெச்சேன். கொதிக்கக் கொதிக்க அந்தக் கறுத்த கிண்ணத்துல ஊத்தச் சொன்னாங்க. ஊத்தினேன்.”

பிரமிளாவும் சிவநேசனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சமைக்கவே சமைக்காத கணவாய், ஏழு பேர் வாய் துடைத்த துணியில் கறையாகிவிட்டது.

சிவநேசனுக்குக் கோபம் வந்தது. அவருக்கு அது அடிக்கடி வருவதில்லை. “மஹ்பூபா, அடுப்பப் பத்த வைங்க. அதே மீன் குழம்பு, அதே புளி. ஒரு சட்டி வேணும். சாயந்தரம் வந்து உங்களையும் சட்டியையும் கூட்டிட்டுப் போறேன்.”

*

“எனக்குப் புரிஞ்சுபோச்சு பாஸ்” என்றாள் பிரமிளா, காரை விட்டு இறங்கும்போதே. “இந்த இப்ராஹிம் புது வெள்ளிக்கு ஏதோ மையைத் தடவி, பழைய வெள்ளின்னு டத்தின் தலையில கட்டிட்டான். சூடான புளிக்குழம்பு ஊத்தினதும் மை கரைஞ்சு வயித்துக்குள்ள போயிடுச்சு. கேஸ் முடிஞ்சுது. மக்கான் போலாமா, பசிக்குது?”

“உள்ள போலாம்.”

கடையின் கண்ணாடி ஜன்னலில், சினிமா நட்சத்திரத்துக்குப் போடுகிற மாதிரி விளக்கு போட்டு, சில எனாமல் மங்குத் தட்டுகளை வைத்திருந்தார்கள். ஓரமெல்லாம் உதிர்ந்து, தோட்டத்து லயத்தில் கஞ்சி ஊற்றிக் குடித்த அதே மங்கு.

“இதுல சாப்பிட்டதுக்கு எங்க சித்தப்பா வெக்கப்பட்டாரு. இப்போ இதுக்கு ஸ்பாட்லைட்டா?” என்றாள் பிரமிளா.

“புது காப்பிக் கடைக்காரங்க அள்ளிட்டுப் போறாங்க, தங்கச்சி” என்றபடி வந்தார் இப்ராஹிம். வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி. பிரமிளா தன் குற்றச்சாட்டை மூச்சு விடாமல் படித்து முடித்தாள். இப்ராஹிம் கேட்டார், கேட்டு முடித்ததும் சிரித்தார். உள்ளே போய் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

அது கண்ணைப் பறித்தது.

“இதான் நெசமாவே பழசு. தொட்டுப் பாருங்க.”

பிரமிளா தூக்கினாள். காகிதம் மாதிரி லேசாக இருந்தது. அடியில் தேய்ந்து, ஓரத்தில் இரண்டு நசுங்கல்.

“தமிழ் வீட்டுப் பொம்பளைங்க வெள்ளியக் கறுக்க விடுவாங்களா? நல்ல நாள் வருதுன்னா புளியும் திருநீறும் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு வெள்ளியே பாதி கரைஞ்சிருக்கும். பழசா இருக்க இருக்கப் பளபளக்கும். டத்தினுக்கு இதத்தான் முதல்ல காட்டினேன். ‘புதுசா மின்னுதே, என்னைய ஏமாத்தப் பாக்கறியா’ன்னு கேட்டாங்க.”

“அப்புறம்?”

“போன வருஷம் பட்டறையில செஞ்ச புது செட் ஒண்ணு, நல்லா கனமா இருந்துச்சு. புதுசுன்னு சொல்லித்தான் கொடுத்தேன், மின்ன மின்ன. வாங்கிட்டு, ‘பழசு மாதிரி கறுப்பாக்கித் தா’ன்னாங்க. எம்பது வருஷம் வெயிட் பண்ணுங்கன்னேன். அவங்க சிரிக்கல.”

பிரமிளாவின் கேஸ் அவள் கண்ணெதிரே கவிழ்ந்தது. சிவநேசன் பக்கம் திரும்பினாள். அவருக்குக் கொட்டாவியே வரவில்லை. இந்த ஆள் உண்மையைத்தான் சொல்கிறார்.

“போகும்போது ஒரு பெட்டி பழைய மங்கு சாமானைத் தள்ளிட்டுப் போனாங்க” என்றார் இப்ராஹிம். “வீட்டுல இடத்த அடைக்குதாம், தூக்கிப் போட்டுருன்னாங்க. ஜன்னல்ல இருக்கறது அதோட மிச்சம். நல்ல பீஸ் இன்னைக்குக் காலையிலதான் வித்துப்போச்சு.”

வெளியே வந்ததும் பிரமிளா கேட்டாள், “அப்போ கறுப்பாக்கினது யாரு பாஸ்?”

“டத்தோ சப்பாத்தெல்லாம் என்ன கலரு?”

“வெள்ளை. ஏன்…” அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் மணியடித்துத் திட்டினார். “அலாமாக்! வெள்ளைச் சப்பாத்துக்கு எதுக்கு கறுப்பு மை?”

“சுரண்டி எடுத்திருக்கு. டப்பாவுல துளி மிச்சமில்ல.”

*

சாயந்தரம் டத்தினின் மேசையில் கறுத்த வெள்ளி முழுவதும் அணிவகுத்திருந்தது. மஹ்பூபா குழம்புச் சட்டியோடு உள்ளே நுழைந்ததைக் கண்டதும் டத்தின் எழுந்துவிட்டார்.

“இவள எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?”

சிவநேசன் மேசைப் பக்கம் போனார். ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்து மேசையில் வைத்து, மஹ்பூபாவுக்குக் கை காட்டினார். அவள் ஆவி பறக்கும் மீன் குழம்பை அதில் ஊற்றினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிவப்புக் குழம்பின் ஓரத்தில் கறுப்பு எண்ணெய் ஒன்று நெளிந்து வளைந்து படர்ந்தது.

“சாப்பிடுங்க டத்தின்.”

டத்தின் கரண்டியைத் தொடவில்லை.

“கணவாய் இல்லையே, மீன்தானே. சாப்பிடுங்க.” சிவநேசன் சட்டைப் பையிலிருந்து மை டப்பாவை எடுத்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். “கடன் வாங்கினதத் திருப்பிக் கொடுத்துட்டேன்.”

டத்தின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சாப்பாட்டுல கரையும்னு சத்தியமா எனக்குத் தெரியாது” என்றார். அதற்குச் சிவநேசனுக்குக் கொட்டாவி வரவில்லை. “நானும்தான் சாப்பிட்டேன், நானும்தான் ராத்திரி முழுக்கக் கஷ்டப்பட்டேன். கிண்ணம் கழுவும்போதுதான் புரிஞ்சுது. சொன்னா எல்லாம் வெளிய வந்துரும். அவங்க செட்டிநாட்டு வீடு. பாத்திரத்துக்கே ஒரு அறை வெச்சிருக்கற ஆளுங்க. உங்க வீட்டு வெள்ளி எங்கேன்னு கேட்டா நான் என்னத்தக் காட்டறது? எங்கம்மா பைராம் தோட்டத்துல செம்பனை உதிரிப்பழம் பொறுக்கினவ. மங்குக் கோப்பையில சாப்பிட்டு, அதையே கழுவி எனக்கும் ஊத்திக் கொடுத்தவ.”

“அதுக்கு மஹ்பூபா என்ன பண்ணினாங்க?” என்றார் சிவநேசன்.

டத்தின் தலை குனிந்தார். மஹ்பூபா சட்டியைப் பிடித்தபடி நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

வாசலில் கார் வந்து நின்றது.

முத்தம்மை ஆச்சி உள்ளே வந்தார். நாலு நாளில் கொஞ்சம் இளைத்திருந்தார். கையில் பட்டுத்துணி சுற்றிய ஒரு பொட்டலம். மேசையைப் பார்த்தார், முகம் சுருங்கியது.

“அன்னிக்கே கேக்கணும்னு இருந்தேன், தப்பா நெனைக்காதீங்க. இவ்வளவு நல்ல வெள்ளிய ஏன் இப்படிப் போட்டு வச்சிருக்கீக? எங்க பக்கம் வெள்ளி கறுத்திருந்தா, அந்த வீட்டுல கவனிக்க ஆளில்லைன்னு அர்த்தம். பொண்ணு நல்ல பொண்ணு. வளர்ந்த வீடு இப்படியிருக்கேன்னுதான் ரெண்டு நாளா யோசனை.”

பிரமிளா இருமலை அடக்கப் பெரும்பாடு பட்டாள். ஒரு டப்பா மையைத் தீர்த்து டத்தின் சம்பாதித்த பெருமை இதுதான்.

“சரி, அத விடுங்க. பழைய சாமான்னா உங்களுக்கு உசுருன்னு சொன்னீகளா, காலையில ஒரு கடையில பாத்தேன். வெள்ளி உங்ககிட்ட நெறைய இருக்கு. இது கெடைக்கறது அபூர்வமாம்.” ஆச்சி பொட்டலத்தைப் பிரித்து டத்தினின் கையில் வைத்தார்.

ஒரு மங்குக் கோப்பை. வெள்ளை எனாமல், பச்சை விளிம்பு, ஓரத்தில் ஒரு சில்லு உதிர்ந்த இடம். டத்தின் அதைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில், எப்போதோ விழுந்த ஓட்டையை ஈயம் வைத்து அடைத்திருந்த தழும்பு.

பிரமிளாவுக்கு இப்ராஹிமின் பெட்டி நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தாள். சிவநேசன் அவள் காலை மிதித்தார்.

டத்தினுக்குத் தப்பிக்க வழி இருந்தது. “ரொம்ப அழகா இருக்கு ஆச்சி, தேங்க்ஸ்” என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டிருக்கலாம். வெள்ளியைப் பற்றி இந்த அறையை விட்டு ஒரு வார்த்தை வெளியே போகாது. அவர் அந்த ஈயத் தழும்பைக் கட்டைவிரலால் தடவினார், பிறகு தடவிக்கொண்டே இருந்தார்.

“ஆச்சி” என்றார். “இது எங்கம்மாவோடது.”

பிறகு நிற்கவில்லை. பைராம் தோட்டம், இப்ராஹிம் கடை, பெட்டி, மை டப்பா எல்லாம் வந்தது. கடைசியாக மஹ்பூபாவைப் பார்த்து, “உன் மேல பழி போட்டேன். உன் பேர அழிக்கப் பாத்தேன். மன்னிச்சுரு மஹ்பூபா” என்றார். சிவநேசன் கொட்டாவி விடாமல் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆச்சி மேசையிலிருந்த மை டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“அப்போ எங்க வயித்துக்குள்ள போனது சப்பாத்து மையா?”

“ஆமா ஆச்சி.”

“அதான் எங்க வீட்டுச் செட்டியாருக்கு ரெண்டு நாளா நாக்கு அவ்வளவு பளபளன்னு இருந்துச்சு!” என்றார் ஆச்சி. முதலில் அவர்தான் சிரித்தார். சிரித்துவிட்டு, டத்தினின் கையிலிருந்து கோப்பையை வாங்கி மஹ்பூபாவிடம் நீட்டினார். “அன்னிக்குக் குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு ஆத்தா, கிண்ணந்தான் சரியில்ல. இதுல ஊத்து. முதல்ல சம்பந்தியம்மா சாப்பிடட்டும்.”

சம்பந்தியம்மா என்ற வார்த்தையைக் கேட்டதும் டத்தின் அழுதே விட்டார். அழுதுகொண்டே சாப்பிட்டார். பழைய வீடியோவை மஹ்பூபாவின் கண் முன்னாலேயே அழித்தார். புதியதைப் பிரமிளா எடுத்தாள். அதில் டத்தின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “மஹ்பூபா சமையல்ல ஒரு குறையும் இல்ல, தப்பு என்னுது. கோப்பை எங்கம்மாவோடது” என்றார். அவர் போட்ட வீடியோக்களில் முகப்பூச்சு இல்லாதது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை மஹ்பூபா பிரமிளாவைக் கைபேசியில் அழைத்தாள். பின்னால் அண்டாக்கள் மோதும் சத்தமும், நாலு பெண்கள் சேர்ந்து பேசும் சத்தமும் கேட்டன.

“தங்கச்சி, கல்யாண வீட்டுக்காரங்க திரும்ப வந்துட்டாங்க. புக்கிட் மெர்தாஜாம்லேருந்துகூட ரெண்டு டத்தின் கூப்பிட்டாங்க.”

“நல்ல விஷயந்தானே அக்கா?”

“நல்ல விஷயந்தான். ஆனா எல்லாரும் மங்குக் கோப்பையிலதான் பரிமாறணுமாம். பழசா இருக்கணுமாம், அடியில ஓட்டை அடைச்சதா வேற இருக்கணுமாம். அத்தனை ஓட்டைக்கு நான் எங்க போவேன்?”

பிரமிளா சிவநேசனைப் பார்த்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“எம்பது வருஷம் வெயிட் பண்ணச் சொல்லு” என்றார்.